எனக்கு ஓய்வு கொடுத்தீர்கள், சீட்டாவுக்கு எப்போது?

பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

2025 ஆகஸ்டில் உங்கள் அமைச்சகம் வெளியிட்ட ஓர் அறிவிப்பைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். சீட்டா, சேத்தக் ஹெலிகாப்டர்களுக்குப் பதிலாக 200 புதிய இலகு ரக ஹெலிகாப்டர்கள். ராணுவத்துக்கு 120, விமானப்படைக்கு 80. கேன்டீன் வரிசையில் நின்றபோது பழைய சக ஊழியர் ஒருவர் செல்போனை நீட்டிக் காட்டினார். "பார்த்தியா, வருது" என்றார். முழுவதையும் படித்தபோதுதான் தெரிந்தது, அது கொள்முதல் உத்தரவு இல்லை, டெண்டரும் இல்லை. யாரிடம் என்ன சரக்கு இருக்கிறது, என்ன செய்து தர முடியும் என்று கம்பெனிகளிடம் கேட்கும் தகவல் கோரிக்கை. கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கிற கட்டம்கூட இல்லை. அந்த வீட்டில் பெண் இருக்கிறதா என்று விசாரிக்கிற கட்டம்.

இதே விசாரிப்பை, ஹெலிகாப்டர் பழுதுபார்க்கும் ஹேங்கரில் நான் வேலை செய்த காலத்திலேயே கேட்டிருக்கிறேன், அமைச்சர் அவர்களே. ஒரு முறை இல்லை, மூன்று முறை. அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

நான் குளச்சலுக்கும் நீரோடிக்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரை ஊர்க்காரன். அப்பா கட்டுமரத்தில் போனவர். நான் கடலுக்குப் போகாமல் 1988-இல் ராணுவத்தில் சேர்ந்தேன். ராணுவ விமானப் பிரிவு தனிப் படைப்பிரிவாகி அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இ.எம்.இ. என்கிற ராணுவப் பொறியியல் பிரிவில் ஹெலிகாப்டர் பராமரிப்புத் தொழில்நுட்பராக 28 ஆண்டுகள். பெரும்பகுதி சீட்டாவோடு, கொஞ்ச காலம் சேத்தக்கோடு. நாயப் சுபேதாராக 2016-இல் ஓய்வுபெற்றேன்.

நான் பிறந்தது 1969. சீட்டாவின் மூல வடிவமான பிரெஞ்சு 'லாமா' முதன்முதலில் பறந்ததும் 1969-இல்தான், மார்ச் மாதம். சேத்தக்கின் மூலமான 'அலூவெட் 3' இன்னும் பத்து வருஷம் மூத்தது, 1959. வயதாகிவிட்டது, கண் மங்கும், கை நடுங்கும் என்று எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பினீர்கள். அது நியாயம்தான். என்னோடு பிறந்ததற்கு இன்னும் கொடுக்கவில்லை. இன்று காலையும் எங்கோ ஒரு பனிமுகட்டில் அது இறங்கி ஏறியிருக்கும்.

அந்த ஹெலிகாப்டரைப் பழித்துப் பேச நான் வரவில்லை. அதைப் பழிக்கிறவனோடு இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். 1972-இல் ஒரு லாமா 12,442 மீட்டர் உயரம் ஏறியது. மேலே போனதும் என்ஜின் அணைந்துவிட, விசிறியைக் காற்றே சுழற்ற, அப்படியே கீழே வந்து இறங்கினார் பைலட் ஜான் பூலே. பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு நாங்கள் சொல்லும் முதல் கதை அதுதான். 1984 ஏப்ரலில் சியாச்சின் நடவடிக்கை தொடங்கிய நாளிலிருந்து அங்கே ராணுவம் மூச்சுவிடுவதே சீட்டாவால்தான். ஏறத்தாழ 21,000 அடி உயரத்தில், நம் ஊரில் வலை காயப்போடும் இடத்தைவிடச் சின்னதாக ஒரு தளம். இறங்கினால் என்ஜினை நிறுத்தக் கூடாது. அந்தக் காற்றில் நிறுத்தினால் மறுபடி கிளம்புமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சரக்கைத் தள்ளிவிட்டு நொடிக்கணக்கில் ஏற வேண்டும். எடையைக் குறைக்க இருக்கைகளைக் கழற்றிவிடுவோம். அவ்வளவு கழற்றியும் உச்சிக்குக் கொண்டுபோவது சில நாள் ஒரு ஜெர்ரிகேன் மண்ணெண்ணெய் மட்டும். அந்த ஒரு ஜெர்ரிகேனுக்காக இரண்டு பைலட்களின் உயிர் ஏறி இறங்கும்.

அதற்குத் தானியங்கிப் பறத்தல் கிடையாது. வானிலை ராடார் கிடையாது. இருப்பது ஒரே ஒரு என்ஜின். மேகம் மூடினால் பைலட்டின் கண்ணும் நிதானமும்தான் கருவி. 1970-களின் இயந்திரத்தை 2020-களின் எல்லையில் ஓட்டுகிறோம். ஓட வைப்பது யார் என்று நீங்கள் ஒரு முறையாவது ஹேங்கருக்குள் வந்து பார்த்திருக்க வேண்டும்.

ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். இடம், யூனிட் எதையும் சொல்ல மாட்டேன். பழைய விசுவாசம் இன்னும் இருக்கிறது. பனிக்காலம். விடிவதற்கு முன் ஹீட்டர் குழாயை என்ஜினுக்குள் விட்டுச் சூடேற்றிக்கொண்டிருந்தோம். கையுறை இல்லாமல் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்; ஆனால் சின்ன ஸ்க்ரூவைக் கையுறையோடு பிடிக்க முடியாது. அதனால் ஒரு கையில் உறை, ஒரு கை வெறும் கை. மேலே ஒரு நிலையில் சிப்பாய் ஒருவனுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. உடனே கீழே இறக்காவிட்டால் பிழைக்க மாட்டான் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள்.

கியர்பாக்ஸின் மேக்னடிக் பிளக்கைக் கழற்றினேன். எண்ணெயில் இரும்புத் துகள் ஏதாவது உதிர்ந்திருந்தால் அந்தக் காந்தமுனையில் வந்து ஒட்டிக்கொள்ளும். முடியிழை மாதிரி, மாவு மாதிரி இருந்தால் துடைத்துவிட்டுப் போடலாம், தேய்மானம், சகஜம். சிம்பு மாதிரி, செதில் மாதிரி இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தம். அன்றைக்கு ஒட்டியிருந்தது இரண்டுக்கும் நடுவில். மீன் செதிலில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. டார்ச் வெளிச்சத்தில் வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற கேப்டனுக்கு இருபத்தாறு வயது இருக்கும். "சாப், என்ன சொல்றீங்க?" என்று இந்தியில் கேட்டார். அதட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாற்று கியர்பாக்ஸ் இல்லை. இருந்த இன்னொரு ஹெலிகாப்டர், எங்கள் பாஷையில், 'கேனி'. அதாவது அதிலிருந்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மற்றதற்குப் போட்டுப் போட்டு, அது வெறும் கூடாக நின்றது. உதிரி பாகம் எழுதிப் போட்டு எத்தனையோ மாதம். எண்ணெயை வடித்தோம், கழுவினோம், புது எண்ணெய் ஊற்றினோம், தரையிலேயே ஓட்டிப் பார்த்தோம், மறுபடி பிளக்கைக் கழற்றினோம். சுத்தமாக இருந்தது. விதிப்படி அது போதும். ஹெலிகாப்டர் பறக்கத் தகுதியானது என்று ஒப்புக்கொள்ளும் எஃப்-700 பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். ஹெலிகாப்டர் போனது, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அந்தப் பையனோடு திரும்பி வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஹேங்கருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

விதியை நான் மீறவில்லை. ஆனால் ஒரு புது ஹெலிகாப்டரில் நான் அந்தக் கணக்கே போட்டிருக்க வேண்டியதில்லை. வயதான ஹெலிகாப்டர் என்றால் வானத்திலிருந்து சட்டென்று விழுகிற ஒன்று என்று டி.வி.-யில் பேசுகிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தினமும் காலையில் ஒரு மனிதன் வெள்ளைத் துணியில் எதையோ வைத்து உற்றுப் பார்த்து 'சரி' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயிரம் முறை அவன் சொல்வது சரியாக இருக்கும். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருஷமும் அந்த மனிதனின் கையெழுத்தின் மேல்தான் ஏறி நிற்கிறது.

தள்ளிப்போட்ட கதை உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பொதுமக்களும் இதைப் படிப்பார்கள். 197 ஹெலிகாப்டர் வாங்கும் முதல் டெண்டரில் ஒரு ஐரோப்பிய ஹெலிகாப்டர் தேர்வாகிக் கையெழுத்துக்கு வந்து நின்றது. 2007 டிசம்பரில் ரத்து. அடுத்த வருஷம் மறுபடி அதே 197-க்கு டெண்டர். சோதனை, குளிர்காலச் சோதனை, கோடைகாலச் சோதனை என்று ஆறு வருஷம்; 2014 ஆகஸ்டில் அதுவும் ரத்து. 2015 டிசம்பரில் ரஷ்யாவோடு ஒப்பந்தம்; 200 காமோவ் ஹெலிகாப்டர்கள், 60 அங்கிருந்து வரும், 140 இங்கேயே செய்வோம் என்றார்கள். கூட்டு நிறுவனமும் பதிவானது. ஹெலிகாப்டர் வரவில்லை. நான் ஓய்வுபெற்றபோது எனக்கு வழியனுப்பு விருந்து கொடுத்த அதே ஹேங்கரில் அதே சீட்டாக்கள் நின்றன.

நம் நாட்டிலேயே செய்யும் இலகு ரகப் பயன்பாட்டு ஹெலிகாப்டர் 2016 செப்டம்பரில் முதன்முதல் பறந்தது. நான் மிகவும் நம்பியது அதைத்தான். சியாச்சினிலும் சோதித்தார்கள். தும்கூரில் அதற்கென்றே பெரிய தொழிற்சாலையைப் பிரதமர் 2023 பிப்ரவரி 6 அன்று திறந்துவைத்தார். ஆண்டுக்கு 30-இல் தொடங்குவோம் என்றார்கள். இரண்டு படைகளுக்குமாகத் திட்டமிட்டது 187. ஆண்டுக்கு 30 வைத்தாலே ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். அது முழு வேகத்தில் ஓடினால். 2021 நவம்பரில் வெறும் 12-க்கு ஒப்புதல் தந்தீர்கள். 12-ஐ வைத்து ஒரு யூனிட்டைக்கூட ஒழுங்காக மாற்ற முடியாது என்பது அங்கே டீ கொண்டுவரும் பையனுக்கும் தெரியும்.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2025 மார்ச் 28 அன்று 156 பிரசண்ட் போர் ஹெலிகாப்டர்களுக்கு 62,700 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டீர்கள். ராணுவத்துக்கு 90, விமானப்படைக்கு 66. அமெரிக்காவிலிருந்து அப்பாச்சேகள் வந்திருக்கின்றன. எனக்கு அதில் மனக்குறை இல்லை. கார்கிலில் 1999 மே 28 அன்று டோலோலிங் மலையின் மேலே எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் ஒன்று ஏவுகணைக்கு இரையாகி அதிலிருந்த நால்வரும் போனார்கள். அந்த உயரத்தில் சண்டையிட ஏற்ற ஹெலிகாப்டர் நம்மிடம் இல்லாத குறையிலிருந்துதான் பிரசண்ட் பிறந்தது. அதுவும் 2010-இல் முதன்முதல் பறந்து 2022 அக்டோபரில்தான் படையில் சேர்ந்தது. இப்போது போட்ட ஒப்பந்தத்தில் முதல் ஹெலிகாப்டர் வருவதே மூன்றாவது வருஷத்தில். சரி, அதாவது ஒரு கெடு இருக்கிறது. சண்டைக்குப் போகிற குதிரைக்கு வாங்கியாயிற்று. அரிசியும் எண்ணெயும் காயம்பட்டவனையும் சுமக்கிற கழுதைக்கு மட்டும் ஏன் இன்னும் விசாரிப்பு? இத்தனைக்கும் அந்தக் கழுதையின் முதுகில் துப்பாக்கியும் ராக்கெட்டும் கட்டி 'லான்சர்' என்று பெயர் வைத்துச் சண்டைக்கும் அனுப்புகிறீர்கள்.

2014 அக்டோபரில் பரேலியில் சீட்டா விழுந்து மூன்று அதிகாரிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு ராணுவ அதிகாரிகளின் மனைவிமார் ஒன்றுசேர்ந்து, அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கரிடம் இந்த ஹெலிகாப்டர்களை நிறுத்தச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். ஹேங்கரில் அந்தச் செய்தியை நாங்கள் சத்தமாகப் பேசவில்லை. சீருடையில் இருக்கிறவன் பேசக்கூடாது. ஆனால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். 2016 நவம்பரில் சுக்னாவில் இன்னும் மூன்று அதிகாரிகள். 2022 அக்டோபரில் தவாங் பக்கம் ஒரு பைலட். 2023 மார்ச் 16 அன்று அருணாசலத்தில் மண்டாலா அருகே இருவர். அதில் மேஜர் ஜெயந்த் நம் தேனி மாவட்டத்துப் பிள்ளை. அந்த விபத்துகள் எதனால் என்று இங்கே உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மேகமாக இருக்கலாம், மலையாக இருக்கலாம், மனிதப் பிழையாக இருக்கலாம். ஆனால் டி.வி.-யில் தேசியக் கொடி போர்த்திய பெட்டியைப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, அன்று காலை எஃப்-700-இல் கையெழுத்துப் போட்டவன் எந்த ஊர்க்காரனோ, இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறானோ என்பதுதான். அவனைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள். விசாரணை முடிவும் அவன் கைக்கு வராது.

இதுவரை சொன்னது இமயமலைக் கதை. கன்னியாகுமரிக்காரன் ஏன் எழுதுகிறான் என்று கேட்பீர்கள்.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். நான் ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எச்சரிக்கை வருவதற்கு எத்தனையோ நாள் முன்னாலேயே ஆழ்கடலுக்குப் போனவர்கள் போயிருந்தார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை படகுகள் சுறாத் தூண்டிலோடு லட்சத்தீவையும் தாண்டிப் போகிறவை. இரவோடு இரவாகக் கூப்பிட்டால் திரும்பி வரும் தூரமில்லை. என் மூத்த அக்காளின் மகன் அப்படிப்பட்ட ஒரு படகில் இருந்தான். படகு கவிழ்ந்தது. அவனும் இன்னும் இரண்டு பேரும் மிதந்த பிளாஸ்டிக் கேன்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூன்று நாள் கிடந்தார்கள். கடைசியில் வேறொரு ஊர்ப் படகு வந்து தூக்கியது. மற்ற இரண்டு பேரில் ஒருவர் கரைக்கு வந்து சேரவில்லை.

அக்காள் வீட்டுத் திண்ணையில் வைத்து அவன் என்னிடம் சொன்னது இதுதான்: "மாமா, ரெண்டாம் நாளு சத்தம் கேட்டு. தெளிவாட்டு கேட்டு. ஹெலிகாப்டருக்க சத்தம். சட்டையக் கழத்தி வீசினோம். அது வளஞ்சு திரும்பிப் போச்சு." உதடெல்லாம் உப்பில் வெடித்திருந்தது, சுடுகஞ்சியை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டே சொன்னான்.

அக்காள் என்னைப் பார்த்தாள். "நீ அங்க கெடந்து சரியாக்குன வண்டிதானலே அது? பின்ன எதுக்குலே திரும்பிப் போச்சு?"

அது எந்தப் படையின் ஹெலிகாப்டர், என்ன ரகம் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யார்மீதும் பழி போடவில்லை. அந்த நாள்களில் கடற்படையும் கடலோரக் காவல்படையும் விமானப்படையும் பலரை மீட்டார்கள். அதற்கு இந்தக் கரை நன்றியோடு இருக்கிறது. ஆனால் ஒரு ஹெலிகாப்டர் ஏன் வளைந்து திரும்பும் என்று எனக்குத் தெரியும். எரிபொருள் கணக்கு. சேத்தக் மாதிரி ஒன்றென்றால் ஒரு தொட்டி எண்ணெயில் போக வரச் சேர்த்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர்தான். கடல்மேல் தேடுவது என்றால் நேர்கோட்டில் பறப்பதில்லை, வளைய வளைய வர வேண்டும். ஒருவனைக் கயிற்றில் தூக்க வேண்டுமென்றால் அந்தரத்தில் நிற்க வேண்டும். எண்ணெய் அதில் கரைந்துபோகும். அதற்குமேல், ஒற்றை என்ஜின். மலையிலாவது கீழே ஏதோ ஒரு சரிவு, ஒரு மணல்திட்டு இருக்கும். கடலில் என்ஜின் நின்றால் கீழே கடல்தான். நல்ல பைலட் பாதியில் திரும்புவது கோழைத்தனம் இல்லை, கணக்கு.

இதை அக்காளுக்கு விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நல்ல வண்டி வாங்கினா என்ன?" என்றாள். இருபத்தெட்டு வருஷம் சீருடை போட்டவனிடம் பதில் இல்லை.

டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் எங்கள் மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல்போனவர்களைத் தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை. ராணுவ ஓய்வூதியம் வாங்குகிற நானும் ஓரமாகப் போய் நின்றேன். அங்கே பெண்கள் கையில் பிடித்திருந்த புகைப்படங்களில் பாதிப் பையன்களை எனக்குச் சின்ன வயதில் தெரியும். டிசம்பர் 19 அன்று பிரதமரே இங்கே வந்தார்.

ஒக்கி கழிந்து சரியாக ஒன்பதாவது மாதம், 2018 ஆகஸ்ட் 25 அன்று, கடற்படைக்கு 111 பயன்பாட்டு ஹெலிகாப்டர்கள் வாங்க உங்கள் அமைச்சகத்தின் கொள்முதல் கவுன்சில் ஒப்புதல் தந்தது. 21,000 கோடிக்கு மேல். சேத்தக்குகளுக்குப் பதிலாக, தேடுதல் மீட்புக்கும் சேர்த்துத்தான். ஒன்பது மாதத்தில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். இங்கே பிறந்தது காகிதம். அதற்குப் பிறகு ஏழு வருஷம் ஓடிவிட்டது. அந்த 111-இல் ஒன்றுகூட எந்தக் கப்பலின் மேல்தளத்திலும் வந்து இறங்கவில்லை. 2024 மார்ச்சில் கொச்சியில் அமெரிக்க எம்.எச்.-60ஆர் ஹெலிகாப்டர்களைப் படையில் சேர்த்தீர்கள். நல்ல ஹெலிகாப்டர், ஆனால் அது நீர்மூழ்கியை வேட்டையாட வந்தது. கேனைக் கட்டிப்பிடித்துக் கிடப்பவனைத் தேட அதை நம்பி இருக்க முடியாது.

ஆகவே சீட்டாவும் சேத்தக்கும் எங்களுக்கு வேறு யாரோ ஒருவருடைய பிரச்சினை அல்ல. இந்த மாவட்டத்தில் உள்நாட்டு ஊர்களிலிருந்து படைக்குப் போகிற பிள்ளைகள் அந்த ஹெலிகாப்டரில் ஏறுகிறார்கள். கரையிலிருந்து கடலுக்குப் போகிற பிள்ளைகள் அந்த ஹெலிகாப்டருக்காகக் காத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தது.

நான் கேட்பவை இவை.

முதலாவது, ஒரு தேதி. கடைசி சீட்டா, கடைசி சேத்தக் எந்த ஆண்டு, எந்த மாதம் தரையிறக்கப்படும்? ராணுவம், விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை நான்குக்கும் தனித்தனியாக நாடாளுமன்றத்தில் எழுத்தில் வையுங்கள். வருஷத்துக்கு எத்தனை வெளியேறும், எத்தனை உள்ளே வரும் என்ற கணக்கோடு வையுங்கள். 'படிப்படியாக' என்ற சொல் அதில் இருக்கக்கூடாது. அந்தச் சொல்லை நான் 2003-லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தும்கூரில் செய்யும் ஹெலிகாப்டரில் என்ன நின்றுபோயிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சோதனையில் குறை என்றால் குறை என்று சொல்லுங்கள். சரிசெய்ய எத்தனை மாதம் என்று சொல்லுங்கள். குறை இல்லையென்றால் 12 போதாது, 187-க்கும் ஆர்டர் போடுங்கள். இதற்கு இணையாக வெளியில் விசாரிக்கும் அந்த 200-க்கு, டெண்டர் திறக்கும் தேதியையும் ஒப்பந்தம் போடும் தேதியையும் இப்போதே அறிவியுங்கள். நாலாவதான இதையும் ரத்து செய்வதானால், ரத்து செய்பவரின் பெயரும் காரணமும் நாடாளுமன்றப் பதிவில் இருக்கட்டும்.

புதியது வரும்வரை பறக்கத்தான் வேண்டும், தெரியும். அதுவரை ஒவ்வொரு தளத்திலும் மாற்று கியர்பாக்ஸும் பேரிங்கும் அலமாரியில் இருக்க வேண்டும். 'கேனி' ஹெலிகாப்டர்களிலிருந்து பாகம் கழற்றிப் போடுவது எத்தனை முறை நடக்கிறது என்று ஒவ்வொரு யூனிட்டிடமும் கணக்குக் கேளுங்கள். அந்த எண்ணைப் பார்த்தால் உங்களுக்கே தூக்கம் வராது. விபத்து விசாரணை முடிந்ததும், ரகசியம் போக மீதியை, இறந்தவரின் குடும்பத்துக்கும் அந்த ஹெலிகாப்டரில் கையெழுத்துப் போட்ட தொழில்நுட்பருக்கும் அவரவர் மொழியில் எழுத்தில் கொடுங்கள். குற்றம் இல்லையென்றால் இல்லையென்று ஒரு வரி. அந்த ஒரு வரி கிடைக்காமல் குடியில் விழுந்த ஆள்களை எனக்குத் தெரியும்.

கடற்கரைக்கு: 2018-இல் ஒப்புதல் தந்த 111 ஹெலிகாப்டர்களின் நிலை என்ன என்று சொல்லுங்கள். அவற்றில் முதலில் வருபவற்றிலிருந்து, இரட்டை என்ஜின் உள்ள, கயிற்றில் ஆளைத் தூக்கும் வசதியுள்ள இரண்டையாவது குமரிக் கடற்கரையில் நிரந்தரமாக நிறுத்துங்கள். ஒன்று பழுதானால் இன்னொன்று வேண்டும் என்பதால்தான் இரண்டு. நவம்பர், டிசம்பரில் மட்டும் வந்துபோகும் ஏற்பாடு வேண்டாம். ஹெலிபேடுக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. மாவட்ட நிர்வாகத்திடமும் பங்குப் பேரவைகளிடமும் கேளுங்கள், இடம் காட்டுவார்கள்.

இன்னொன்று. மலையிலிருந்து கழற்றும் பழைய சேத்தக்குகளைப் 'பெயின்ட்' அடித்து இந்தக் கரைக்கு மீட்புப் பணிக்கென்று அனுப்பிவிடாதீர்கள். வந்தால் எந்த ஹெலிகாப்டர் என்று நிழலைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

இந்த மடலுக்குப் பதிலை ராணுவத் தலைமையக முத்திரையோடு எனக்கு அனுப்ப வேண்டாம். தமிழில் எழுதி, கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதம்தோறும் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். அக்காள் முன் வரிசையில் உட்காருவாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நாயப் சுபேதார், ஹெலிகாப்டர் பராமரிப்பு,
விளவங்கோடு கடற்கரை, கன்னியாகுமரி மாவட்டம்